பாக்கெட் ஈஸ்டா, பாட்டில் ஸ்டார்ட்டரா?

ஒன்பது மாதம் ஒரு கண்ணாடி பாட்டிலுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தேன். உள்ளே இருந்தது ஸ்டார்ட்டர், அதாவது ரொட்டி மாவை உப்ப வைக்கிற புளித்த மாவுக் கலவை. போன மாதம் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இப்போது ரொட்டி சுட என்னிடம் இருப்பது ஃப்ரீசரில் ஒரு சின்ன டப்பா இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அவ்வளவுதான். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ரொட்டி சுட ஆசைப்பட்டு, எதில் தொடங்குவது என்று யோசிப்பவருக்கு நான் பாக்கெட் பக்கம்தான் கை காட்டுவேன்.

2020 ஊரடங்கில் பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் கிடைக்காமல் போனது. வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள் மாவையும் தண்ணீரையும் கலந்து ஸ்டார்ட்டர் வளர்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஸ்டார்ட்டரில் சுடுகிற புளிப்பு ரொட்டியான சவர்டோதான் நிஜ ரொட்டி, பாக்கெட் ஈஸ்ட் குறுக்குவழி என்று ஒரு பேச்சும் பரவிவிட்டது. நானும் அதை நம்பித்தான் இறங்கினேன்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டிலும் மாவை உப்ப வைப்பது ஈஸ்ட்தான். பாக்கெட்டில் இருப்பது சக்கரோமைசிஸ் செரிவிசியே என்கிற ஒரே இனம். தொழிற்சாலையில் வளர்த்து உலர்த்தியது. நேராக மாவிலேயே கலக்கக்கூடிய இன்ஸ்டன்ட் வகை வந்தது 1970களில்தான். ஸ்டார்ட்டர் பல ஆயிரம் வருடப் பழக்கம். அதில் காட்டு ஈஸ்ட்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. புளிப்பு வருவது இந்த பாக்டீரியாக்களால்தான்.

நேரம் என்று பார்த்தால் ஈஸ்ட் ரொட்டி காலையில் பிசைந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். சவர்டோவுக்குப் பெரும்பாலும் முதல் நாளே வேலை தொடங்க வேண்டும். ருசியில் ஸ்டார்ட்டர்தான் ஜெயிக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. அந்த அமிலத்தால் ரொட்டி சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது, மெதுவாகத்தான் காய்ந்துபோகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது அதை வைத்துக் காப்பாற்றுகிற கதை.

முதலில் நானே ஒன்றை உருவாக்கப் பார்த்தேன். இரண்டாம் நாளே பாட்டிலில் இரு மடங்கு பொங்கி நின்றது. கைராசிதான் என்று பூரித்துப்போனேன். நான்காம் நாள் அசைவே இல்லை; ஐந்தாம் நாளும் அப்படியே. செத்துவிட்டது என்று கொட்டிவிட்டேன். அந்த முதல் பொங்கல் ஈஸ்ட் செய்த வேலையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மாவில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் ஆரம்பத்தில் வாயுவை விடுகின்றன. கலவை புளிக்கப் புளிக்க அவை அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஈஸ்ட் தலைதூக்கும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ பொறுமையாக இருந்தால் தானாக வந்திருக்கும். நான் கொட்டியது சரியாக அது விழித்துக்கொள்ளப் போகிற நேரத்தில்.

அப்புறம் அக்கா தன்னுடையதில் இருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கொடுத்தாள். “ஃப்ரிட்ஜில வச்சுக்கடா, வாரத்துக்கு ஒரு நாள் தீனி போட்டாப் போதும்” என்றாள். போதும்தான். ஆனால் அந்த ‘ஒரு நாள்’ எப்படியெல்லாம் நீளும் என்று அவள் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். 50 கிராம் ஸ்டார்ட்டர், அதற்குச் சம எடையில் 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர். மறுநாள் பாட்டிலில் 150 கிராம் இருக்கும். அதில் 50 கிராமை வைத்துக்கொண்டு 100 கிராமை வெளியே எடுத்தால்தான் அடுத்த வேளைத் தீனி போட முடியும். எடுக்காமல் விட்டால் மூன்று மூன்று மடங்காகப் பெருகி, ஒரே வாரத்தில் வீட்டில் பாத்திரம் மிஞ்சாது. வெளியே வைத்துத் தினமும் ஒரு வேளை தீனி போட்டால் வருடத்துக்கு 18 கிலோவுக்கு மேல் மாவு. ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒரு முறை என்றால் இரண்டரை கிலோ சொச்சம்தான். எடுத்த மாவை வீணாக்காமல் பான்கேக், கிராக்கர்ஸ் என்று எதையாவது செய்யலாம். செய்தேன். மூன்றாவது வாரம் வீட்டில் யாரும் தொடவில்லை.

மாவு போனால் போகட்டும். என்னைக் கட்டிப்போட்டது நாட்காட்டிதான். ஃப்ரிட்ஜில் தூங்குகிற ஸ்டார்ட்டரை எடுத்த எடுப்பில் மாவில் போட்டால் சோம்பலாகத்தான் உப்பும். வெளியே எடுத்து இரண்டு மூன்று வேளை தீனி போட்டு எழுப்ப வேண்டும். சனிக்கிழமை ரொட்டி வேண்டும் என்றால் வியாழன் இரவே முடிவெடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வர நேரமாகிவிட்டால், அது பொங்கி உச்சிக்கு வந்த நேரத்தைத் தவறவிட்டிருப்பேன். நான் சுட்டது மாதத்துக்கு இரண்டு ரொட்டி. பாட்டிலைக் கவனித்தது மாதம் முழுவதும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதன் சின்ன உருவம்.

ஒரு முறை பன்னிரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தேன். மேலே ஒரு விரல் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை முகத்தில் அடித்தது. பாட்டிலின் விளிம்பில் காய்ந்திருந்த மாவு சிமென்ட் போல இறுகி, கத்தி முனையால் சுரண்டினால்தான் வந்தது. இப்படி ஆனாலும் பயப்பட வேண்டியதில்லை. அது பசியில் இருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்று வேளை தீனி போட்டதும் தேறிவிட்டது. இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் மொத்தத்தையும் எறிந்துவிட வேண்டும். சரி, தேற்றியாகிவிட்டது. ஆனால் பயணப் பையைக்கூடப் பிரிக்காமல் சிங்க் பக்கத்தில் நின்று பாட்டிலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான், இது எனக்கு எதற்கு என்று முதல் முறையாகத் தோன்றியது.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. கற்றுக்கொள்கிறவனுக்கு ரொட்டி தட்டையாக வந்தால் ஏன் என்று தெரிய வேண்டும். ஸ்டார்ட்டர் போட்டதில் எனக்குத் தெரியவே இல்லை. ஸ்டார்ட்டர் வலுவிழந்திருக்கலாம், மாவு போதுமான அளவு புளிக்காமல் இருந்திருக்கலாம், அதிகமாகப் புளித்திருக்கலாம், உருட்டி வடிவம் கொடுத்ததில் கோளாறு இருந்திருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒன்பது மாதமும் பாட்டிலையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஈஸ்டுக்கு மாறிய பிறகு இரண்டே வாரத்தில் நான்கு ரொட்டி சுட்டேன். ஒவ்வொன்றிலும் 500 கிராம் மைதா, 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். தண்ணீரை மட்டும் 325 கிராமில் தொடங்கி 350, 375 என்று கூட்டினேன். 325இல் மாவு கைக்கு அடங்கிய பந்து. 375இல் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு மேடையில் பரவியது. ஆனால் உள்ளே துளைகள் அழகாக விழுந்தன. 350 எனக்குத் தோதுப்பட்டது. நான்காவது ரொட்டிக்கும் அதே அளவுதான். அதை ஓவனில் இருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைத்தபோது மேலோடு சடசடவென்று மெல்லிசாக வெடித்துக்கொண்டே ஆறியது. குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாவு எப்படி இருந்தால் என்ன ஆகும் என்று கை சொல்லத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஈஸ்டின் பராமரிப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பாக்கெட்டைப் பிரித்ததும் காற்று புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எடுத்து அப்படியே மாவில் கலக்கலாம். சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை சர்க்கரையோடு கரைத்துப் பத்து நிமிடம் விட்டால் போதும். நுரைத்து வந்தால் உயிர் இருக்கிறது. அதைச் சட்டென்று கொன்றுவிடுவது சூடு. 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தாங்காது. கொதித்து இறக்கிய பாலை ஆற விடாமல் ஊற்றி, நான் அதையும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டேன். அன்று கிடைத்த பன்களைப் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கலாம்.

ருசி சப்பென்று இருக்கிறதே என்பார்கள். அவசரப்பட்டால் இருக்கத்தான் செய்யும். நிறைய ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரத்தில் உப்ப வைத்தால் ரொட்டியில் ஈஸ்ட் வாடைதான் தூக்கும். இதற்கு வழி, ஈஸ்ட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது. 2006இல் ஜிம் லேஹி என்கிற ரொட்டிக்காரரின் பிசையாத ரொட்டி முறை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்து பரவலானது. மூன்று கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்தான். கலந்து மூடி வைத்துவிட வேண்டும். 12 முதல் 18 மணி நேரம் அது பாட்டுக்குப் புளிக்கும். பிசைகிற வேலையை நேரமே பார்த்துக்கொள்கிறது. பிறகு வடிவம் கொடுத்து மறுபடி இரண்டு மணி நேரம் போல உப்ப விட்டு, ஓவனிலேயே காய வைத்த கனமான மூடி போட்ட பாத்திரத்தில் 230 டிகிரியில் அரை மணி நேரம். மூடியை எடுத்துவிட்டு இன்னும் கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோ. மூடியிருக்கும்போது மாவில் இருந்து வரும் ஆவி உள்ளேயே தங்குவதால் மேல்தோல் இறுகாமல் ரொட்டி நன்றாக எழும்பும். பிறகு மொறுமொறுப்பாகும். வெயில் காலத்தில் 18 மணி நேரம் விட்டால் மாவு தளர்ந்துவிடுகிறது. நான் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். இது சவர்டோ ருசியா என்றால் இல்லை. புளிப்பு இருக்காது. ஆனால் வாசனையில் முக்கால்வாசி தூரம் வந்துவிடும், எந்தப் பாட்டிலையும் வளர்க்காமலே.

ஸ்டார்ட்டர் யாருக்குச் சரிப்படும் என்றும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுகிறவர் வீட்டில் அது பாரமே இல்லை. சுடுவதற்கு எடுப்பதே தீனி போடுவதற்கும் இடம் விட்டுவிடும். செடி வளர்ப்பது போல அதை வளர்ப்பதையே ரசிப்பவர்களும் உண்டு, அவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. ரை என்கிற தானியத்தின் மாவில் ரொட்டி சுட வேண்டுமென்றால் ஸ்டார்ட்டர்தான் பொருத்தம். அந்த மாவின் மாச்சத்தை நொதிகள் உடைத்துப் பிசுபிசுக்க வைக்காமல் தடுக்க அமிலம் வேண்டும். நான் இரண்டு முறைதான் ரை சுட்டேன், அதில் ஒன்று செங்கல். அதனால் அந்த விஷயத்தில் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இனிப்பு பன்களை ஸ்டார்ட்டரில் செய்தது ஒரே ஒரு முறை. அதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்கிற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருப்பவருக்குக் கோதுமை சவர்டோவும் ஆகாது. புளிப்பதால் க்ளூட்டன் முழுதாகப் போய்விடாது.

பாட்டிலைக் கழுவுவதற்கு முன் கொஞ்சத்தை பட்டர் பேப்பரில் மெல்லிசாகத் தடவிக் காய வைத்து, நொறுக்கி ஒரு உறையில் போட்டு வைத்தேன். தண்ணீரும் மாவும் சேர்த்துச் சில நாள் ஊட்டினால் திரும்பவும் எழுந்துகொள்ளும். அக்காவிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினேன். கடைசியில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, “அதை எதுக்குடா காய வச்சு ஒளிச்சு வச்சிருக்க? என்கிட்ட இருக்குல்ல, வேணுங்கிறப்ப ஒரு கரண்டி வாங்கிட்டுப் போ” என்றாள்.