கம்பில் குறையில்லை, தரையில்தான் இருக்கிறது

போன மாதம் என் பிரம்புக் கம்பின் நுனி பிளந்துவிட்டது. புதுக் கம்பு வாங்கிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் சாய்த்து வைத்ததுமே பக்கத்து மேசைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்த வயசுல சிலம்பம் சேரலாமா சார்? உடம்பு இறங்குமா?" நான் 47 வயதில் சேர்ந்தவன், இப்போது 53. அவர்களுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சிலம்பம் என்றால் என்ன, எத்தனை வகை என்பதெல்லாம் நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல.

முதலில் எடை. மூன்று நான்கு கிலோ குறைந்தது, அதோடு நின்றுவிட்டது. தொப்பையைக் கரைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சோற்றுத் தட்டில்தான் முதல் வேலை இருக்கிறது. கம்பு சுற்றினால் நன்றாகப் பசிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பலன் நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது. கால். சேர்ந்த புதிதில், கால்சட்டை போடும்போது கட்டிலைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். இப்போது அறையின் நடுவில் நின்று, ஒரு காலைத் தூக்கி, நிதானமாகப் போட்டுக்கொள்கிறேன். சின்ன விஷயமாகத் தெரியலாம். 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களை ஒற்றைக்காலில் 10 நொடி நிற்கச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 2022-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. அப்படி நிற்க முடியாதவர்களிடையே, அடுத்து வந்த ஆண்டுகளில் இறந்தவர்களின் விகிதமும் அதிகமாக இருந்தது. நிற்க முடியாததுதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையிலிருந்து எழாமலே போன பெரியவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருந்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆய்வை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்றால், காலடியிலிருந்து. எங்கள் ஆசான் முதல் சில மாதங்கள் கம்பையே கையில் தரவில்லை. தரையில் கம்பு நுனியால் ஒரு சதுரம் கீறுவார். அதன் மூலைகளில் கால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். முன்னங்கால் போகிறபோது பின்னங்காலின் முன்பாதம் திரும்ப வேண்டும், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், முட்டி லேசாக மடங்கியே இருக்க வேண்டும். இதில் எங்கேயும் கீழே குனிந்து பார்க்கக் கூடாது. "காலப் பாக்காதீங்க தம்பி, எதிர்ல நிக்கிறவன் நெஞ்சப் பாருங்க" என்பார். அப்புறம் கம்பு வந்தது. கை ஒரு கணக்கில் சுற்றும், கால் வேறொரு கணக்கில் நகரும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன்கள் ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நடுவயது உடம்பில் தசை பழகிய பிறகும் தசைநாண் பழகக் கூடுதல் காலம் எடுக்கும், மெதுவாகப் போவதுதான் சரி.

கை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. புதிதாக வருகிற நடுவயதுக்காரர்கள் எல்லோரும் கம்பை இறுக்கிப் பிடிப்பார்கள். சில வாரங்களில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சுரீர் என்று இழுக்கும். ஆசான் என் பிடியைத் தளர்த்திவிட்டு, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள் என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தாங்க, மற்ற விரல்கள் தளர்ந்து இருந்தால் கம்பு தன் எடையிலேயே சுற்றும். சுற்று சரியாக வந்தால் காதுக்குப் பக்கத்தில் 'விர்ர்' என்று ஒரே சீராகக் கேட்கும். பிசகினால் சத்தம் உடனே உடையும். அந்தச் சத்தத்தை வைத்தே என் மணிக்கட்டு எங்கே இறுகுகிறது என்று கண்டுபிடித்துக்கொள்வேன்.

தோள், கழுத்து பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகிற தொல்லை மற்றவர்களைவிட அதிகம் வரும். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை இல்லாத ஆளே குறைவு, என் அண்ணனுக்குச் சட்டைக்குள் கையை நுழைக்கவே ஒருவர் உதவ வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு தோளும் இன்றைக்கும் முழு வட்டம் வருகின்றன. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வந்த கழுத்துவலி போய்விட்டது. சர்க்கரை மாத்திரையின் அளவு இத்தனை வருடத்தில் கூடவில்லை. இதெல்லாம் கம்பினால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சாயங்கால பஜ்ஜியையும் இடையில் நிறுத்தியிருக்கிறேன்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழக்குகிற பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கிற கலை நம் தெருவிலேயே இருக்கிறது. கேரளத்தின் வடகரையில் மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் அங்கத்துத் தற்காப்புக்கலையான களரிப்பயிற்றைச் சொல்லிக்கொடுத்து 2017-ல் பத்மஸ்ரீ வாங்கினார். வயதான உடம்பு தற்காப்புக்கலைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டுங்கள்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டேன். இனி என்னை இரண்டு வருடமாக எரிச்சல்படுத்துகிற ஒரே விஷயத்துக்கு வருகிறேன். தரை.

நான் சேர்ந்தபோது களம் மதுரைக்கு வெளியே ஒரு கண்மாய்க்கரையில் இருந்தது. செம்மண் தரை. சாயங்காலம் முதலில் வருகிறவர்கள் கல், முள் பொறுக்கி, பெருக்கி, தண்ணீர் தெளிப்பார்கள். மண் லேசாக அடங்கி, ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கிற நேரத்தில் ஆசான் வந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்குவார். பிறகு அந்த நிலத்தில் கல் நட்டு மனை போட்டார்கள். ஆசானுக்கும் வயதாகிவிட்டது, வீட்டோடு இருந்துவிட்டார். அவரிடம் படித்த ஒருவர் வகுப்பை எடுத்து நடத்துகிறார், எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறோம். நல்லவர், திறமைசாலி, பிள்ளைகளை அதட்டாமல் சொல்லிக்கொடுக்கிறவர். வகுப்பு நடப்பது ஒரு கட்டடத்தின் அடியில் கார் நிறுத்துகிற இடத்தில். சொரசொரப்பான சிமெண்ட் கல் பதித்த தரை.

அங்கே போன சில மாதங்களில் எனக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி ஆணி மேல் வைத்ததாக இருக்கும், பத்து அடி நடந்த பிறகு அடங்கும். 40 முதல் 60 வயதுக்குள் பலருக்கும் வருகிற வலி இது. குதிகாலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு மெத்தை இந்த வயதில் தன் துள்ளலை இழக்கத் தொடங்குகிறது, அதனால் வெறுங்காலோடு சிமெண்டில் குதிக்கிற ஒவ்வொரு குதியும் நேராக எலும்புக்குப் போகிறது. முப்பது கிலோ பையனுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு எடை 78.

குதிகாலைவிட எனக்குப் பயம் முட்டியைப் பற்றித்தான். சிலம்பத்தில் திரும்பாத அடியே கிடையாது. மண்ணில் முன்பாதம் திரும்பும்போது மண்ணும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பாதம் உடம்போடு சேர்ந்து திரும்பும். சொரசொரப்பான சிமெண்டில் பாதத்தின் தோலைத் தரை பிடித்துக்கொள்கிறது. உடம்பு திரும்புகிறது, பாதம் திரும்பவில்லை, நடுவில் இருக்கிற முட்டி முறுக்கிக்கொள்கிறது. வழவழப்பான ஓடு பதித்த தரை என்றால் வியர்வை பட்டு வழுக்கும், அது வேறு ஆபத்து. காலணி போட்டுப் பார்த்தேன். ரப்பர் அடிப்பாகம் தரையை இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. கம்பு நுனி பிளந்ததுகூட இந்தத் தரையில் தட்டித் தட்டித்தான். நுனிக்குப் பூண் போடலாமா என்று பழைய ஆசானிடம் போய்க் கேட்டேன். "கூடவே கூடாது தம்பி. இரும்பு சேந்தா அது வெளையாட்டுக் கம்பு இல்ல, அடி வாங்குறவன் எலும்பு போயிரும்" என்றார். நியாயம்தான்.

தரையை யோசிக்காமல் யாரும் ஒரு சண்டைக்கலையை உண்டாக்கவில்லை. கேரளத்தில் களரி என்றாலே முதலில் நிலத்தைத் தோண்டுவார்கள், 42 அடிக்கு 21 அடி குழி, மண் தரை. வடநாட்டு மல்யுத்தக் களங்களில் மண்ணோடு எண்ணெய், மோர், மஞ்சள் எல்லாம் கலந்து பதப்படுத்துகிறார்கள். ஜூடோவுக்குப் பாய். நம் கபடியும் மண்ணிலிருந்து உள்ளரங்கத்துக்குப் போனபோது பாயும் காலணியும் கூடவே வந்தன. சிலம்பத்தை மட்டும் மண்ணிலிருந்து தூக்கிக் கார் நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு அதே காலடியை வைக்கச் சொல்கிறோம். எனக்கு இது சரியாகவே படவில்லை.

மாஸ்டரைக் குற்றம் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், நல்லதுதான். அவர்களுக்கு வீட்டுப் பக்கத்தில் வேண்டும், மழை பெய்தாலும் வகுப்பு நடக்க வேண்டும், பிள்ளையின் காலில் சேறு ஒட்டக் கூடாது. ஊருக்குள் காலி மண் தரை வாடகைக்கு எங்கே கிடைக்கிறது? மாஸ்டருக்கும் குடும்பம் இருக்கிறது. வகுப்பில் அறுபது பிள்ளைகள், நாற்பதைத் தாண்டிய பெரியவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரின் முட்டிக்காக இடத்தை மாற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது என்று நானும் பல மாதம் பேசாமல் இருந்தேன்.

ஆனால் ஒன்றை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து அரசுப் பள்ளி மைதானத்துக்குக் கம்பை எடுத்துக்கொண்டு போகிறேன், தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதே உடம்பு, அதே காலடி, ஒரு மணி நேரம் சுற்றினாலும் திங்கட்கிழமை காலையில் குதிகாலில் வலி இல்லை. செவ்வாயும் வியாழனும் வகுப்புக்குப் போனால் மறுநாள் வலிக்கிறது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மைதானத்தில் இல்லாதது எதிரில் நிற்க ஓர் ஆள். தனியாக எவ்வளவு சுற்றினாலும், இன்னொருவர் கம்பு வந்து நம் கம்பில் தட்டுகிற நேரத்தில் வருகிற விழிப்பு வராது. அந்த அரை நொடியில் வீட்டுக் கடன், அலுவலகம், சர்க்கரை எதுவும் மனதில் இருக்காது. அதற்காகத்தான் இத்தனை நாள் வலியோடும் வகுப்புக்குப் போனேன்.

ஆகவே கேட்டவர்களுக்குப் பதில் இது. 45 வயதைத் தாண்டியவர் என்றால், வகுப்பு நடக்கிற இடத்துக்கு முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நில்லுங்கள். முன்பாதத்தில் ஊன்றி ஒரு முறை திரும்புங்கள். பாதம் எளிதாகத் திரும்பினால், தரை கொஞ்சம் அமுங்கினால், அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள், இதைவிட நல்ல உடற்பயிற்சி எனக்குத் தெரியாது. முட்டி இழுத்தால் சேராதீர்கள். ஆசிரியர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், எத்தனை கோப்பை அலமாரியில் இருந்தாலும் சேராதீர்கள். என் ஊரில் எனக்குத் தெரிந்த வகுப்புகள் எல்லாமே இரண்டாவது ரகம்தான், அதனால் அலுவலகத்தில் கேட்டவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.

மாஸ்டரிடமும் கடைசியில் வாய் திறந்து கேட்டேன். வகுப்பில் ஒரு மூலைக்கு மட்டுமாவது கபடிக்கு விரிக்கிற பாய் வாங்கிப் போடலாம், பெரியவர்கள் ஐந்து பேரும் பங்கு தருகிறோம் என்றேன். "கார்க்காரங்க ராத்திரி வண்டிய நிறுத்துறப்ப தெனமும் சுருட்டி எங்கண்ணே வைக்கிறது? அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த மாதத்துக்கு நான் பணம் கட்டவில்லை.