எருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகம்: 'தாவீது' கல்லுக்காகவே ஒரு நாள் ஒதுக்குங்கள்

என் அப்பாவின் பெயர் தாவீது. 1991-ல் கல்லூரியில் படிக்கும்போது, "தாவீது என்று ஒரு ராஜா இருந்ததற்கு வேதாகமத்துக்கு வெளியே சான்றே கிடையாதாம்" என்று வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதனால்தான் புனிதப் பயணம் போனபோது இந்த அருங்காட்சியகத்தை விடக் கூடாது என்று இருந்தேன். எங்கள் குழுவுக்குத் தந்தது ஒன்றரை மணி நேரம்தான். பழைய எருசலேமின் 1:50 மாதிரியும், சவக்கடல் சுருள்கள் உள்ள வெள்ளைக் குவிமாட மண்டபமும் பார்த்ததோடு பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் குழு கடைவீதிக்குப் போக, நான் தனியாக டிக்கெட் எடுத்துத் தொல்லியல் பிரிவுக்குப் போனேன்.

தாவீதின் பெயர் இருப்பதாகச் சொல்லப்படும் தேல் தாண் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. கறுப்பு பசால்ட் கல், உடைந்த துண்டுகள். பெரிய துண்டே ஓர் அடி உயரம்தான். 1993-ல் நாட்டின் வடகோடியில் உள்ள தேல் தாண் என்ற இடத்தில், பழைய சுவர் ஒன்றில் வெறும் கட்டுமானக் கல்லாக இருந்ததைக் கண்டெடுத்தார்கள். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு துண்டுகள் கிடைத்தன. அரமேய எழுத்து, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. தமஸ்குவின் ராஜா ஆசகேல் தன் வெற்றியைச் சொல்லி நிறுத்தியது என்பது பெரும்பாலோர் கருத்து.

ஒன்பதாவது வரியில் ஆறு எழுத்துகள்: ப, ய, த, த, வ, த. 'பேத் தாவீது', அதாவது தாவீதின் வீடு. சண்டையே இதில்தான். அந்த எழுத்தில் உயிர்க்குறி கிடையாது. மற்றச் சொற்களுக்கு நடுவே புள்ளி இருக்கிறது, இங்கே இல்லை. எனவே இது ஓர் ஊர்ப்பெயர் என்றார்கள் சிலர். கடைசி மூன்று எழுத்தைத் 'தோத்' என்று படிக்கலாம், அன்புக்குரியவர் அல்லது அப்பாவின் சகோதரர் என்று பொருள், ஒரு தெய்வத்தின் பெயராகக்கூட இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர்.

எனக்கு அது ஒட்டவில்லை. அதற்கு முந்தைய வரியிலேயே 'இஸ்ரவேலின் ராஜா' என்று தெளிவாக இருக்கிறது. அசீரியர்களும் இஸ்ரவேலை 'உம்ரியின் வீடு' என்றுதான் எழுதினார்கள்; முன்னோர் பெயரால் அரசை அழைப்பது அந்தக் கால வழக்கம். ஆனால் இந்தக் கல் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது என்று எங்கள் வழிகாட்டி சொன்னது சரியல்ல. தாவீதுக்கு நூறாண்டுக்கு மேல் கழித்து, எதிரி நாட்டு ராஜா ஒருவன் அந்த வம்சத்தை அவர் பெயரால் குறிப்பிட்டிருக்கிறான். கோலியாத்தைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் இருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.

இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த செசரியா கல்லும், தலைமை ஆசாரியர் காய்பாவின் பெயருள்ள எலும்புப் பெட்டியும் இதே அருங்காட்சியகத்தில்தான். குழுவோடு போகிறவர்கள் தொல்லியல் பிரிவுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

வீடு திரும்பியதும் படத்தைப் பெரிதாக்கி, வலமிருந்து இடமாக அந்த ஆறு எழுத்துகளையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார்.