மடிப்பாக்கத்து வீடு என்ன ஜோன்?

இந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவின் வீட்டு விஷயமாகவே பெரும்பாலும் அலைந்தேன். அலைச்சல் வீண் போகவில்லை. டொராண்டோவிலோ துபாயிலோ இருந்துகொண்டு சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வீடு மடிப்பாக்கத்தில். அப்பா கட்டிய காலத்தில் அது ஊராட்சி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாடியில் அம்மா இருக்கிறார், கீழ்த்தளம் காலி. அதற்குத் தரகர் ஒருவர் ஆள் பிடித்து வைத்திருந்தார். ஆன்லைனில் விற்கும் சாமான்களை வாங்கி அடுக்கி, பார்சல் கட்டி அனுப்புகிற கம்பெனி. குடித்தனக்காரர்கள் தருவதைவிட இரண்டு மடங்கு வாடகை, பத்து மாத அட்வான்ஸ். "ஈ.பி.யில கமர்ஷியலுக்கு மாத்திக்கலாம், வீட்டு வரியும் அவங்களே பாத்துக்குவாங்க. வேற என்ன சார் வேணும்?" என்றார்.

அம்மாவுக்கு மனசில்லை. காரணம், இரண்டு வீடு தள்ளி ஏற்கெனவே அப்படி ஒன்று நடக்கிறது. கார் நிறுத்த விட்டிருந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்து குடோன் ஆக்கிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே வேன் ரிவர்ஸில் வரும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. அட்டைப்பெட்டியில் டேப்பை இழுத்து ஒட்டும் அந்தக் கர்ர்ர் சத்தம் ராத்திரி பத்து மணிக்கும் ஓய்வதில்லை. எதிர்வீட்டு மாமாவுக்கு மூச்சுத் திணறல் வந்த அன்று, குறுக்கே வேன் நின்றதால் ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரை அங்கிருந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "நம்ம வீட்டாலயும் இன்னொருத்தருக்கு இப்படி ஆகணுமாப்பா?" என்று அம்மா கேட்டார்.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். முதல் வேலை சுலபமாகவே முடிந்தது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால், அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது, அதாவது அது என்ன ஜோன் என்று காட்டுகிறது. பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். உட்பிரிவு எண் பட்டாவில்தான் சரியாக இருக்கும். 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான், அப்போதைய பெருநகரப் பகுதியின் 1,189 சதுர கிலோமீட்டரையும் சர்வே எண் வாரியாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று. எங்கள் வீடு முதன்மைக் குடியிருப்பு. இந்த வீட்டுக்குப் பட்டா மாற்றினோம், வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், தாய்ப்பத்திரத்தை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம். ஆனால் என்ன ஜோன் என்று குடும்பத்தில் ஒருவரும் கேட்டதே இல்லை. இடம் யாருடையது என்பதில் நம் ஆட்கள் கில்லாடிகள். அதில் என்ன செய்யலாம் என்பதும் அதே அளவு முக்கியம்.

அப்புறம் பிளான் போட்டுத் தருகிற எஞ்சினியர் ஒருவரைப் பிடித்தேன். பொறுமையான மனிதர். 2019-ல் தமிழகம் முழுமைக்கும் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் திறந்து வைத்து விளக்கினார். முதன்மைக் குடியிருப்பு என்றால் வீட்டைத் தவிர வேறு எதுவும் கூடாது என்றில்லை. அங்கேயே குடியிருக்கும் டாக்டரோ வக்கீலோ சிறிய அளவில் ஓர் அறையில் தொழில் பார்க்கலாம். பெட்டிக்கடை, பால் பூத், ஒற்றை ஆள் தையல் கடை போன்றவற்றுக்கும் அளவோடு இடம் உண்டு. அன்றாடம் தெருவுக்கு வேண்டியவை இவை. குடோனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தரகர் சொன்ன ஈ.பி., வீட்டு வரி விஷயத்தையும் கேட்டேன். இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். மின்வாரியமும் மாநகராட்சியும் இடம் எப்படிப் பயன்படுகிறதோ அதற்கேற்பக் கட்டணம் போடுகின்றன, அவ்வளவுதான். கமர்ஷியல் வரி கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு அனுமதி வாங்கியாயிற்று என்று சொல்ல முடியாது. 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி, கட்டடத்தின் பயன்பாட்டை முக்கியமான அளவில் மாற்றுவதும் 'வளர்ச்சி'தான். ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். மீறினால் நோட்டீஸ் கட்டட உரிமையாளர் பெயருக்கு வரும். வாடகைக்கு வந்தவர் காலி செய்துகொண்டு போய்விடுவார். சீல் வைத்தால் திறக்க நாம்தான் கடல் கடந்து வர வேண்டும்.

பக்கத்து குடோனைப் பற்றிப் புகார் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. கவுன்டரில் இருந்தவர், "நீங்க வெளிநாட்டுல இருக்கீங்க, உங்களுக்கு என்ன சார் பாதிப்பு?" என்று கேட்டார். அம்மா அங்கேதான் இருக்கிறார் என்றேன். இன்னொரு பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஓர் இளம் பெண் அதிகாரி மனுவை முழுசாகப் படித்து, சர்வே எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு நகல் கொடுத்தார். எழுத்தில் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். நான் கிளம்புவதற்குள் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது வேன் தெருவுக்கு வெளியே நிற்கிறது. தகரம் அப்படியே இருக்கிறது.

டொராண்டோவில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அங்கே பல பத்தாண்டுகளாக நகரின் பெரும்பகுதியில் தனிவீடு தவிர வேறு எதையும் கட்ட விடாமல் ஜோனிங் பிடித்து வைத்திருந்தது. வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதில் அதற்கும் பங்கு உண்டு. 2023-ல்தான் நகரம் முழுக்க ஒரு மனையில் நான்கு குடித்தனம் வரை அனுமதித்தார்கள். ஆனால் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். விதியிலிருந்து சிறிய விலக்கு வேண்டும் என்று யாராவது விண்ணப்பித்தால், 60 மீட்டருக்குள் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும், அந்த வீட்டு வாசலிலும் பலகை வைப்பார்கள். விசாரணை நாளில் போய் நம் கருத்தைச் சொல்லலாம். சென்னையில் நில வகைப்பாட்டையே மாற்றக் கேட்டால் நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்கிறார்கள். சர்வே எண்ணும் கிராமமுமாக இருக்கும் அந்தக் குட்டி விளம்பரத்தை அம்மாவைப் போன்றவர்கள் எங்கே பார்க்கப் போகிறார்கள்?

இடையில் சித்தப்பா பையன் வண்டலூர் பக்கம் 'ஃபார்ம் பிளாட்' பார்க்கக் கூப்பிட்டான். வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்றே விளம்பரம் செய்கிறார்கள். என்.ஆர்.ஐ.யோ (வெளிநாடு வாழ் இந்தியர்) ஓ.சி.ஐ.யோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர்நீதிமன்றம் 2016-ல் தடை போட்டதும், மறு வருடம் அவற்றை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான் அந்தத் திட்டம். புதிதாக யாராவது "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று காகிதத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கீழ்த்தளத்தை ஒரு குடும்பத்துக்கு விட்டோம். வாடகை பாதிதான். 'குடியிருப்புக்கு மட்டும்' என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, 2017-ம் வருட வாடகைச் சட்டப்படி பதிவும் செய்தாயிற்று. குடிவந்த வீட்டு அம்மா ஜாக்கெட் தைப்பவர். ஒரே மெஷின், விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

அடுத்த மாஸ்டர் பிளானுக்கான வேலை நடக்கிறது. வரைவு வெளியானதும் மக்களிடம் ஆட்சேபமும் யோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். நான் அனுப்பப்போவது ஒரே கோரிக்கை: குடியிருப்புத் தெருவில் ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற யார் விண்ணப்பித்தாலும், அந்த வீட்டு கேட்டில் தமிழில் பலகை வைக்க வேண்டும். உங்கள் தெருவுக்கு என்ன வேண்டுமோ அதை நீங்களும் எழுதி அனுப்புங்கள்.