குனுகேஷ்: வங்கிக் கணக்கைச் சரிகட்டிப் பார்த்த அனுபவம்

வீட்டு வரவு செலவை இரட்டைப் பதிவு முறையில் (ஒவ்வொரு தொகையையும் அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எந்தக் கணக்கில் சேர்ந்தது என இரண்டிலும் பதியும் முறை) எழுதி வைக்க விரும்புவோருக்கு, 1998 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் குனுகேஷ் ஏற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கணக்குக் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். அதில் வங்கிப் பரிமாற்றங்களை ஏற்றுவதையும், ஏற்றியவற்றை வங்கி அறிக்கையோடு சரிகட்டுவதையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு மென்பொருள்கள் நேரடியாகப் படிக்கும் வடிவமான ஓஎஃப்எக்ஸ் கோப்பு வங்கியிடமிருந்து கிடைத்தால் வேலை சுலபம். அதில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் இருப்பதால், ஒரே கோப்பை மறந்துபோய் இருமுறை ஏற்றினாலும் பதிவுகள் இரட்டிக்காது. எனக்குக் கணக்குள்ள வங்கி சிஎஸ்வி கோப்புதான் (காற்புள்ளியால் பத்திகளைப் பிரித்த எளிய உரைக்கோப்பு) தருகிறது. அதிலும் கிளை முகவரி, ஐஎஃப்எஸ்சி குறியீடு என்று பல வரிகள் கடந்த பிறகே அட்டவணை தொடங்கும். மேலே எத்தனை வரிகளை விட வேண்டும், தேதியில் நாள் முதலில் வருகிறதா மாதமா, வரவு எந்தப் பத்தி, பற்று எந்தப் பத்தி என்பதையெல்லாம் ஒருமுறை சொல்லிப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால், அடுத்த மாதம் அதையே தேர்ந்தெடுத்தால் போதும்.

எந்தச் செலவு எந்தக் கணக்கில் சேரும் என்பதை, நாம் முன்பு காட்டியதிலிருந்து மென்பொருளே கற்றுக்கொள்ளும் என்பார்கள். எனக்கோ மூன்று மாதமாகியும் பால்காரருக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் ஒவ்வொரு முறையும் கணக்கு ஒதுக்கப்படாமல் மஞ்சள் நிறத்திலேயே நின்றது. காரணம் பிறகுதான் விளங்கியது. விவரக் குறிப்பை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டித்தான் அது சொற்களைப் பிரிக்கிறது. வங்கியோ யுபிஐ என்ற எழுத்துகள், 12 இலக்க எண், பெறுபவர் பெயர் அனைத்தையும் சாய்கோடுகளால் ஒட்டி ஒரே சரமாகத் தருகிறது. எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால் முழுச் சரமும் அதற்குப் புதுச் சொல்லாகவே தெரியும். ஏற்றுவதற்கு முன் விரிதாளில் சாய்கோடுகளை இடைவெளிகளாக மாற்றத் தொடங்கினேன். இரண்டாம் மாதமே பால்காரரும் மருந்துக்கடையும் தத்தம் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த மாற்றத்தை மென்பொருளே செய்திருக்கலாம் என்பது என் குறை.

சரிகட்டும் பகுதியில் எனக்குக் குறையே இல்லை. அறிக்கையின் தேதியையும் இறுதி இருப்பையும் கொடுத்தால், வந்த பணம் ஒரு பக்கமும் போன பணம் மறுபக்கமுமாக விரியும்; ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வந்தால் கீழே வித்தியாசத் தொகை குறைந்துகொண்டே வரும். அது சுழியமாகும் வரை முடிக்கும் பொத்தான் வேலை செய்யாது. மார்ச் மாதக் கணக்கில் எனக்கு ரூ. 17.70 இடித்தது. குறுஞ்செய்திக் கட்டணம் ரூ. 15-உம் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் இதே தொகை. இரண்டு காலாண்டுக் கட்டணங்களை வங்கி ஒரே நாளில் பிடித்திருக்க, இரண்டாவதை நகல் என்று நினைத்து ஏற்றும்போதே நான்தான் தள்ளிவிட்டிருந்தேன். வித்தியாசத்தை ஏதாவதொரு கணக்கில் தள்ளி நேர்செய்யும் சோம்பலுக்கு ‘சமநிலைப்படுத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கத்தான் செய்கிறது. நான் அதைத் தொடவில்லை. சரிகட்டிய பதிவைப் பின்னர் யாராவது திருத்தப் போனால், குனுகேஷ் எச்சரித்துவிட்டுத்தான் அனுமதிக்கும்.