காற்றுப் பை எடையைச் சுமக்கும். பின் அச்சைப் பிடித்து வைப்பது யார்?

என்னிடம் இருப்பது 1969ஆம் வருடத்து செவர்லே சி10 பிக்கப். சாமான் ஏற்றும் தொட்டி குட்டை ரகம், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 115 அங்குலம். பின்பக்கத்துக்குக் காற்று சஸ்பென்ஷன், அதாவது எடையைத் தாங்கக் காற்றடைத்த பைகள், போடப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நண்பர்கள் கேட்டதெல்லாம் எந்தப் பை, எந்த கம்ப்ரசர் என்பதுதான். நானும் முதலில் அதைத்தான் தேடினேன். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் பின் அச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

காற்றுப் பைக்குத் தெரிந்தது ஒரே வேலை, எடையைத் தாங்குவது. அச்சு முன்னே பின்னே நகராமல், பக்கவாட்டில் விலகாமல், பிரேக் மிதிக்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள அதனால் முடியாது. லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்) போட்ட வண்டியில் இந்த வேலைகளையெல்லாம் அந்தப் பட்டைகளே செய்கின்றன. பட்டையின் முன்முனை வளையம் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்), பின்முனை வளையம் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில், நடுவில் யூ-போல்ட் போட்டு இறுக்கிய அச்சு. நம் ஊர் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுருள் ஸ்பிரிங் வண்டியில் கதை வேறு. அங்கே ஸ்பிரிங் சுமக்க மட்டும்தான். அச்சைப் பிடித்து வைக்கக் கைகள் எனப்படும் தனி உலோகச் சட்டங்கள் இருக்கின்றன.

பானட்டில் இருக்கும் பெயரைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. 1967 முதல் 1972 வரையிலான செவர்லே சி10இல் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்தான் வழக்கம், லீஃப் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். அதே வண்டி ஜிஎம்சி என்ற பெயரிலும் விற்றது; அந்த உடன்பிறப்பில் இது தலைகீழ். 1973இல் வந்த அடுத்த தலைமுறையில் இரண்டுக்குமே லீஃப். ஃபோர்டு எஃப்-100 என்றால் பின்பக்கம் லீஃப்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த பிறகு, கீழே உள்ள மூன்று வழிகளைப் படியுங்கள்.

முதல் வழி: இருக்கும் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பை

லீஃப் பட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு பையைப் பொருத்துவது இது. வெல்டிங் கிடையாது, பெரும்பாலும் போல்ட் வேலைதான். கையில் சாமான் இருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். ஏர்லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் ஆகிய இரண்டு கம்பெனிகளின் பெயர்தான் இதில் அதிகம் அடிபடும். ஏர்லிஃப்டின் லோட்லிஃப்டர் 5000 வகைப் பைகள் 5 பிஎஸ்ஐ முதல் 100 பிஎஸ்ஐ வரை (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வேலை செய்யும். சுருள் ஸ்பிரிங் வண்டிக்கு, சுருளுக்கு உள்ளேயே நுழைக்கிற குழாய் போன்ற சின்னப் பைகள் உண்டு. அவற்றின் உச்சம் 35 பிஎஸ்ஐ.

பாரம் ஏற்றும்போது பின்பக்கம் தொங்காது, டிரெய்லர் மாட்டினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்காது. இதன் வேலை அவ்வளவுதான், அதை நன்றாகவே செய்யும். வண்டியைத் தாழ்த்த இது உதவாது. காலி வண்டியில் ஓட்டம் மிருதுவாகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், பழைய பட்டைகளின் விறைப்பு அப்படியே இருக்கும். பையின் பெட்டியில் 5000 பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து அவ்வளவு ஏற்றலாம் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அச்சு அதேதான், பிரேக் அதேதான், சேஸிஸ் அதேதான். வண்டிக்கு என்ன எடை வரம்போ, அது பையால் ஒரு பவுண்டுகூட அதிகமாகாது.

வாரம் தவறாமல் மரமோ மண்ணோ ஏற்றுகிற எஃப்-100 உங்களுடையது என்றால், மற்ற இரண்டு வழிகளையும் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாம் வழி: சுருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பை

நான் தேர்ந்தெடுத்தது இது. எனக்கு இந்த வண்டியின் மேல் இருக்கும் பிரியத்துக்குப் பாதிக் காரணம் அதன் பின் அமைப்பு. பின் அச்சிலிருந்து இரண்டு நீண்ட கைகள் முன்னோக்கிப் போய், வண்டியின் நடுவை நெருங்கி, குறுக்குச் சட்டத்தில் சேர்கின்றன. பக்கவாட்டு அசைவைத் தடுக்க ஒரு பேன்ஹார்டு ராட். இதற்கு ‘டிரக் ஆர்ம்’ என்று பெயர். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தின் முதல்நிலை கார்கள் பல பத்தாண்டுகளாக இதே அமைப்பில் ஓடி, 2022இல் புதிய கார் வந்தபோதுதான் இதை விட்டன. சாமான் ஏற்றும் வண்டிக்காக வரைந்த ஒன்று இத்தனை காலம் பந்தயத்தில் தாக்குப்பிடித்தது என்றால், அதை அறுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை.

அச்சைப் பிடிக்கும் வேலையைக் கைகள் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே சுருளுக்குப் பதில் பை வைப்பது நேர்மையான மாற்றம். ஆனால் பை எங்கே உட்காருகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கை 40 அங்குல நீளம் என்றும், பை முன்முனையிலிருந்து 32ஆவது அங்குலத்தில், அதாவது அச்சுக்கு முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் 5 அங்குலம் ஏறினால் பை 4 அங்குலம்தான் அமுங்கும். சக்கரத்தின் மேல் 700 பவுண்டு விழுந்தால் பையின் மேல் 875 விழும். குறைந்த அசைவில் அதிக எடை என்பதால், அதே உயரத்தில் வண்டியை நிறுத்த அழுத்தம் கூடுதலாக வேண்டும். பையை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவரும் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன; இடம் இருந்தால் அதுவே மேல்.

அடுத்தது பேன்ஹார்டு ராட். இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் "வண்டி நண்டு மாதிரி போகிறது" என்று பிறகு வருகிறார்கள். ராட் ஒரு முனையில் சேஸிஸோடும் மறுமுனையில் அச்சோடும் இணைந்திருப்பதால், அச்சு ஏறி இறங்கும்போது நேராக வராது, வட்டத்தில் வளைந்து வரும். ராட் எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகமாகப் பக்கத்துக்கு இழுக்கும். 20 அங்குல ராட் கிடைநிலையிலிருந்து 6 அங்குலம் ஏறினால் அச்சு ஏறக்குறைய 0.9 அங்குலம் பக்கவாட்டில் போகும். அதையே 40 அங்குலமாக்கினால் 0.45. சாதாரண ஸ்பிரிங்கில் உயரம் அதிகம் மாறுவதில்லை, அதனால் உறுத்தவில்லை. காற்றில் நாமே ஏற்றி இறக்குகிறோம். நீளமான, சரிசெய்யக்கூடிய ராட் வாங்காமல் பை வாங்காதீர்கள்.

ஷாக் அப்சார்பரையும் மறக்கக் கூடாது. பைக்குக் குதிப்பை அடக்கத் தெரியாது. தாழ்ந்த நிலையிலும் உயர்ந்த நிலையிலும் முட்டாத நீளத்தில் ஷாக் இருக்க வேண்டும், காற்று போனால் உட்கார உறுதியான ரப்பர் தடுப்பும் இருக்க வேண்டும். காற்றில்லாத பை முழு எடையையும் வாங்கினால் மடிந்த இடத்தில் கிழியும்.

இவ்வளவும் செய்தால் வண்டி மூன்று, நான்கு அங்குலம் தாழ்ந்து நிற்கும், ஓட்டம் உண்மையிலேயே மிருதுவாகும். தரையைத் தொடாது. எனக்குத் தரையைத் தொட வேண்டியதில்லை.

மூன்றாம் வழி: ஃபோர்-லிங்க், சி-நாட்ச், பை

சேஸிஸ் தரையில் படிய உட்கார வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கும், லீஃப் வண்டியை முழுக்கக் காற்றுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கும் இந்த வழி. பட்டைகளைக் கழற்றியதும் அச்சு அனாதை. நான்கு கம்பிகளால் அதைப் புதிதாகப் பிடித்து வைக்க வேண்டும்; அதுதான் ஃபோர்-லிங்க். நான்கும் இணையாகப் போனால் பேன்ஹார்டு ராட் இன்னும் தேவை. மேல் இரண்டும் சாய்ந்து முக்கோணமாகப் போனால் ராட் வேண்டாம், அச்சு நேராக ஏறி இறங்கும். இடம் இருக்கிறதென்றால் முக்கோணத்தையே சொல்வேன்.

அச்சு மேலே ஏற வழி வேண்டும் என்பதால் அதற்கு நேர் மேலே சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, தடித்த தகட்டால் வளைத்து பலப்படுத்துகிறார்கள். வெட்டிய வடிவம் சி எழுத்து போல இருப்பதால் சி-நாட்ச். அதிகம் இறக்கினால் தொட்டியின் தரையையும் வெட்ட வேண்டிவரும். என்ஜின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும். பினியன் கோணத்தை (அந்த ஷாஃப்ட் பின் அச்சில் சேரும் பல்சக்கரத்தின் சாய்வை), வண்டி ஓடும் உயரத்தில் வைத்து அமைக்க வேண்டும். நின்றிருக்கும்போது அழகாக இருக்கும் உயரத்தில் அமைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் அதிர்கிறது என்று டயரைக் குறை சொல்லக் கூடாது.

நான் இருப்பது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில். பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். ஐம்பது வருடம் அந்த உப்பைத் தின்ற சேஸிஸில், வெளியே பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே செதில் செதிலாக உதிரும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் அங்கே வெட்டவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. இன்னொன்று: 1967–72 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. வெல்டிங் கம்பியைக் கையில் எடுக்கும் முன் அதை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். தயவுசெய்து.

தாழ்த்துவது மட்டுமே நோக்கம் என்றால், குட்டைச் சுருளோ, லீஃப் அச்சுக்குக் கீழே போகும்படி மாற்றும் ஃபிளிப் கிட்டோ போதும். கசிய ஒன்றுமில்லை.

குழாய் வேலை மூன்றுக்கும் பொது

இதில் நான் ஒரு தவறு செய்தேன். குழாய் மிச்சமாகும் என்று இரண்டு பைகளையும் ஒரு டீ (T வடிவ) இணைப்பில் சேர்த்து, ஒரே வால்வில் ஊதினேன். நின்ற இடத்தில் எல்லாம் சரி. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் திரும்பியபோது, வெளிப்பக்கப் பையில் எடை விழுந்ததும் அதன் காற்று உள்பக்கப் பைக்கு ஓடிவிட்டது. வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்ததால் இன்னும் எடை விழுந்தது, இன்னும் சாய்ந்தது. பக்கத்தில் என் மகள் இருந்தாள். வீடு வந்ததும் அந்த டீ இணைப்பைக் கழற்றினேன். இடம் ஒன்று வலம் ஒன்று எனத் தனிக் குழாய், ஒவ்வொன்றுக்கும் ஊத ஒரு வால்வு, விட ஒரு வால்வு. இதில் சிக்கனம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் ‘ஏர் பஸ்’ என்று சொல்லி ஏறுகிறோமே, அதில் இருப்பதும் இதே காற்றுதான். அமெரிக்காவில் கிரேஹவுண்ட் என்ற பஸ் கம்பெனியின் சீனிக்ரூசர் பஸ் 1954இலேயே காற்றில் ஓடியது. கார்களில் அப்போது நிலைக்கவில்லை. 1957 காடிலாக் எல்டொராடோ புரோமிலும் 1958 செவர்லேயிலும் காற்று சஸ்பென்ஷன் வந்தது. கசிவு தாங்காமல் பலர் சுருளுக்கே திரும்பினார்கள். பஸ்ஸுக்குப் பணிமனையும் தினசரி கவனிப்பும் இருக்கின்றன. நம் வண்டிக்கு நாம்தான்.

அதனால் மாதம் ஒருமுறை காற்று டேங்கின் அடித்திருகைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கிறேன். குளிரில் அது வால்வில் உறைந்துவிடும். சைலன்சர் குழாய்க்கும் பைக்கும் நடுவே கை நுழைகிறதா என்று பார்க்கிறேன். இரவில் இரண்டு பக்கமும் சக்கர வளைவின் உயரத்தை அளந்து எழுதி வைத்து, காலையில் மறுபடி அளக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இதுவரை எனக்கு அகப்பட்ட கசிவெல்லாம் ஒரே மாதிரி: குழாயின் முனையைச் சாய்வாக அறுத்திருந்தேன். நேராக அறுத்துச் செருகியதும் நின்றுவிட்டது.