ஹேலேஜா, உலர்புல்லா? கட்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

லாயத்தில் குதிரைகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. பிளாஸ்டிக்கில் சுற்றி வரும் பாதி காய்ந்த புல்லான ஹேலேஜ் நல்ல தீவனம்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. விற்பவர் கட்டு விலையைச் சொல்கிறார், நாமும் உலர்புல் கட்டின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "அட, பெரிய வித்தியாசம் இல்லையே" என்று தலையாட்டிவிடுகிறோம். அந்தக் கட்டுக்குள் புல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

நன்றாகக் காய்ந்த உலர்புல்லில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 85 கிலோ உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, இருக்கும். ஹேலேஜ் என்பது புல்லை அரைகுறையாகக் காயவிட்டு, இறுக்கிக் கட்டி, காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் சுற்றி லேசாகப் புளிக்கவிட்டது. அதில் உலர்பொருள் 50 சதவீதமும் இருக்கலாம், 70 சதவீதமும் இருக்கலாம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு உடல் எடையில் 2 சதவீதம் என்று கணக்கு வைத்தால் நாளுக்கு 10 கிலோ உலர்பொருள் போக வேண்டும். உலர்புல்லாகப் போட்டால் 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஆகும், 60 சதவீத ஹேலேஜ் என்றால் 17 கிலோ, 50 சதவீதச் சரக்கு என்றால் முழுசாக 20 கிலோ. இதையே விலையாக மாற்றினால், உலர்புல் கிலோ 10 என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 சதவீத ஹேலேஜ் கிலோ 7-க்குக் கிடைத்தால்தான் இரண்டும் சமம். 50 சதவீதம் என்றால் 6-க்கும் கீழே வர வேண்டும். அந்த விலைக்கு யார் தருகிறார்கள்?

சரி, உலர்புல்லிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. கட்டைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்தாலோ, வெள்ளையாகப் பொடி பறந்தாலோ, புழுங்கிய வாடை அடித்தாலோ அந்தக் கட்டை ஒதுக்கத்தான் வேண்டும். பத்தில் ஒரு பங்கு இப்படிக் கழிந்தது என்றால் சமவிலை 7-இலிருந்து 8-க்குப் பக்கத்தில் போய்விடும். அப்புறம் தூசிக்காக ஊறவைக்கிற வேலை. தண்ணீர், தொட்டி, நனைந்து கனத்துப்போன வலைப்பையைத் தூக்கி மாட்டுகிற ஆளின் முதுகு, இதெல்லாம் ரசீதில் வராது. வெயில் காலத்தில் ஊறிய புல்லை அன்றே தீர்க்காவிட்டால் அதுவும் கெட்டுவிடும்.

இவ்வளவு கணக்கையும் ஒரே அடியில் புரட்டிப்போடுவது லாயத்தில் எத்தனை குதிரைகள் நிற்கின்றன என்பதுதான். ஹேலேஜ் கட்டின் பிளாஸ்டிக்கைக் கிழித்த நிமிடமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். குளிராக இருந்தால் நாலைந்து நாள், வெப்பமாக இருந்தால் இரண்டு மூன்று நாள், அதற்கு மேல் பூஞ்சை பிடிக்கும். 250 கிலோ பெரிய கட்டை ஒரே குதிரைக்காக உடைத்தீர்கள் என்றால் நாலு நாளில் அது தின்பது 70 கிலோகூட வராது, மிச்சம் 180 கிலோ குப்பைக்கு. நாலு குதிரைகள் இருந்தால் அதே கட்டு நாலு நாளுக்குள் சுத்தமாகக் காலியாகிவிடும். ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களுக்கென்று சிறு பைகள் வருகின்றன, ஒரு பை ஒரு நாளைக்குச் சற்று மேல் தாங்கும், வீணாகாது. ஆனால் கிலோ விலையைப் பெரிய கட்டோடு ஒப்பிட்டால் மயக்கமே வரும்.

அப்படியானால் ஹேலேஜை யார் வாங்கலாம்? இருமுகிற குதிரை வைத்திருப்பவர், தயங்காமல். தூசியும் பூஞ்சை வித்துகளும் குறைவு என்பதால் மூச்சுக்கோளாறு உள்ள குதிரைக்கு இது நல்ல தீவனம், மருந்துச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் விலை பெரிதாகத் தெரியாது. கடுமையாக வேலை செய்கிற, உடம்பு தேறாத குதிரைக்கும் சரி. புல்லைப் பெரும்பாலும் இளசாகவே வெட்டுவதால் சத்து அதிகம், தானியம் போன்ற அடர்தீவனத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கொழுத்து நிற்கிற மட்டக்குதிரைக்கு இது வேண்டவே வேண்டாம். சத்து அதிகம் என்று அளவைக் குறைத்துப் போடுவார்கள், குதிரை பாதி நாள் வெறும் வயிற்றோடு நிற்கும், அது வயிற்றுப் புண்ணுக்கு வழி. உலர்பொருள் உடல் எடையில் 1.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கண் அளவை நம்பாமல் வலைப்பையைத் தொங்கு தராசில் மாட்டி எடை போடுங்கள், ஹேலேஜ் பார்ப்பதற்குக் கொஞ்சமாகத்தான் தெரியும், எடை இருக்கும்.

என் பெரிய குறை பிளாஸ்டிக்கைப் பற்றியது. பறவை கொத்தினாலும் எலி கடித்தாலும் ஓட்டை, ஓட்டை விழுந்தால் பூஞ்சை. இறக்கும்போதே ஒவ்வொரு கட்டையும் சுற்றிப் பார்த்து, சின்னக் கிழிசல் என்றால் அப்போதே அதற்கான டேப்பை ஒட்டிவிட வேண்டும். எப்போது கிழிந்தது என்று தெரியாத கட்டு வேண்டாம். நல்ல ஹேலேஜ் இனிப்பும் லேசான புளிப்பும் கலந்து மணக்கும். அம்மோனியா நெடியோ அழுகல் வாடையோ வந்தாலும், உள்ளே மண் கட்டியோ செத்த எலியோ கிடந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் போகட்டும், நல்ல பகுதியைப் பொறுக்கிப் போடாதீர்கள். கெட்ட தீவனத்தில் உருவாகும் நஞ்சால் வருகிற பொட்டுலிசம் வந்தால் குதிரையைக் காப்பாற்றுவது மிகக் கடினம், ஒரு கட்டின் விலையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உலர்புல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, மழை படாத கொட்டகையில் வைத்தால் ஒரு வருஷம்கூடக் கிடக்கும், வேண்டியதை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

என் மதிப்பெண்: நாலு குதிரையோ அதற்கு மேலோ இருந்தாலோ இருமல்காரக் குதிரை இருந்தாலோ ஹேலேஜுக்கு ஐந்துக்கு நாலு. ஒன்றோ இரண்டோ ஆரோக்கியமான குதிரை என்றால் ஐந்துக்கு இரண்டுதான், நல்ல உலர்புல்லாகப் பார்த்து வாங்குங்கள். மாறுவதாக இருந்தால் ஒன்றரை வாரமாவது பழையதையும் புதியதையும் கலந்து கொடுக்க வேண்டும், அதற்குப் பழைய சரக்கு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். விற்பவரிடம் உலர்பொருள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினால் பேரம் பேசலாம், "எல்லாம் நல்ல சரக்குதான் சார்" என்று சிரித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.