பட்டுப்புழு ரத்தமும் ரெடிமேட் பிளேட்டும்

சிலிக்கா பூசிய ரெடிமேட் டி.எல்.சி. பிளேட்டை (கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிக்கும் தகடு) நான் காசு கொடுத்து வாங்கியது இதுதான் முதல் முறை. அலுமினியத் தகட்டின் மேல் 0.2 மி.மீ. கனத்துக்குச் சிலிக்கா ஜெல் 60 பூசியது, 20-க்கு 20 செ.மீ. அளவு, பெட்டிக்கு 25. விலையைச் சொன்னதும் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இதுவரை கண்ணாடித் தட்டில் நாங்களே சிலிக்காவைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். தோசை வார்ப்பது மாதிரிதான், முதல் இரண்டும் பிய்ந்துதான் வரும். மூன்றாவது நன்றாக வந்தாலும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. பொருட்களைச் சுமந்துகொண்டு மேலே போக வேண்டிய கரைப்பான் கோணலாக ஏறும். கிளைசின் என்ற அமினோ அமிலம் எங்கே நிற்கிறது என்று மாணவர்கள் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள்.

எங்கள் வேலை, தருமபுரிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வரும் ஐந்தாம் (கடைசி) பருவப் பட்டுப்புழுவின் ரத்தத்தில் தனித்து மிதக்கும் அமினோ அமிலங்களைப் பார்ப்பது. புழு ரத்தத்தில் இவை தாராளமாக இருக்கும். காலில் ஊசியால் குத்தினால் மஞ்சளாகச் சொட்டும். ஐஸில் வைத்த குழாயில் முதலிலேயே சிட்டிகை ஃபீனைல்தையோயூரியா போட்டிருக்க வேண்டும். மறந்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், அப்புறம் அடுத்த புழுவைத்தான் தேட வேண்டும். ஒரு பங்கு ரத்தத்துக்கு நாலு பங்கு எத்தனால் சேர்த்துக் குளிரவிட்டுச் சுழற்றினால் புரதம் அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவுதான் நமக்கு வேண்டியது.

பிளேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு பிளேட்டை நாலாக வெட்டினால் நாலு மாணவர்களுக்கு ஆச்சு. வெட்டும்போது சிலிக்கா பக்கம் மேலே இருக்கட்டும், கத்தரி கூராக இருக்கட்டும். மொக்கைக் கத்தரி ஓரத்தைப் பொடியாக உதிர்த்துவிடும்.

கரைப்பானாகப் பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் 4:1:1 என்று கலந்தோம். பியூட்டனால் மந்தமானது. 8 செ.மீ. ஏறவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஆனால் பிளேட்டுக்குப் பதில் வாட்மன் நம்பர் 1 வடிதாளை மாலையில் தொங்கவிட்டுக் காலையில் வந்து பார்த்தவர்களுக்கு இது மின்னல் வேகம். அமினோ அமிலத்துக்கு நிறம் ஏற்றும் நின்ஹைட்ரினை அசிட்டோனில் 0.2 சதவீதமாகக் கரைத்துத் தெளித்து, 105 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தோம். லைசினும் ஹிஸ்டிடினும் அடியில், லியூசின் உச்சியில், நடுவில் மற்றவை, எல்லாம் ஊதாவாக எழுந்து வந்தன. புரோலின் மட்டும் தனி ஆளாக மஞ்சள். 1910-இல் வேதியியலாளர் ரூஹமன் இந்த ஊதாவைக் கண்டபோது அவருக்கும் இப்படித்தான் குஷியாக இருந்திருக்கும்.

பொட்டுகள் குறுகி, ஓரம் தெளிவாக இருந்தன. அதற்கே முழு மார்க் போடலாம்.

இனி குறைகள். லியூசினும் ஐசோலியூசினும் இதில் பிரியாது, ஒட்டிக்கொண்டேதான் நிற்கும். தாளிலும் இந்தக் கரைப்பானில் அதே கதைதான், ஆகையால் பிளேட்டைத் திட்டிப் பயனில்லை. எஃப் 254 என்று, புற ஊதா விளக்கில் ஒளிரும் பொருள் சேர்த்த வகையை வாங்கியது என் தவறு. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அந்த விளக்கில் நிழலே விழாது. எப்படியும் நின்ஹைட்ரின்தான் அடிக்கப் போகிறோம். எத்தனை மைக்ரோகிராம் என்று எண் வேண்டும் என்பவர்கள் அளவைச் சொல்லும் எச்.பி.எல்.சி. கருவிப் பக்கம் போய்விடுங்கள். பிளேட்டில் தெரிவது "இருக்கிறது, இல்லை, கொஞ்சம் கூடுதல்" அவ்வளவுதான். புழு ரத்தத்துக்குப் பதில் சிறுநீரைப் பார்ப்பவர்கள் அதை உப்பு நீக்காமல் வைக்க வேண்டாம். பக்கத்துத் துறையில் வைத்துப் பார்த்தார்கள், பொட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் வால்.

முதல் பிளேட்டில் ஒரு வேடிக்கை. அடியிலிருந்து உச்சிவரை எந்த வரிசையிலும் சேராத ஒரு பெரிய ஊதாப் பொட்டு. புது அமினோ அமிலம் கண்டுபிடித்த மாதிரி ஒரு மாணவி துள்ளினாள். உற்றுப் பார்த்தால் ரேகை ஓடுகிறது, பெருவிரல் அடையாளம்! விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. காவல்துறை காகிதத்தில் கைரேகை எடுப்பதே இந்த நின்ஹைட்ரினை வைத்துத்தான். கையுறை இல்லாமல் தகட்டை எடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

அனுப்பிய கடைக்காரர் பெட்டியை வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டு பஸ் பார்சலில் ஏற்றிவிட்டார். மேலிருந்த மூன்று தகடுகளுக்கு முனை மடங்கி, பூச்சு உதிர்ந்திருந்தது. ஃபோன் செய்தால் "நடுவுல நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார். நடு நன்றாகத்தான் இருந்தது, வெட்டிப் பயன்படுத்திவிட்டோம். அடுத்த பெட்டியை வேறு கடையில், எஃப் 254 இல்லாத வகையாகச் சொல்லியிருக்கிறேன்.

நிறம் நாள்பட வெளுத்துவிடும், அன்றைக்கே பென்சிலால் பொட்டைச் சுற்றிக் கோடு போட்டுப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மீதித் தகடுகளை ஈரம் புகாத ஜாடியில் போட்டு எங்கள் லேப் அண்ணன் பீரோவில் பூட்டிவிட்டார். கையுறை போட்டுக் காட்டினால்தான் எனக்கும் சாவி கிடைக்கிறது.